காரின் பின் ஸ்பிரிங் ஏன் உடைகிறது? வீட்டில் மாற்றலாமா?

காரின் பாரத்தைத் தாங்கும் சுருள் கம்பிதான் ஸ்பிரிங். பெரும்பாலும் அடிச்சுற்றுத்தான் உடையும். சேறும் தண்ணீரும் தேங்குவது அங்கேதான். பூச்சு உரிந்து துருப்பிடித்தால், பிஸ்கட் பக்கற்றின் ஓரத்தில் விழுந்த சின்ன வெட்டிலிருந்து கிழிசல் ஓடுவதுபோல, ஒவ்வொரு குலுக்கலிலும் வெடிப்பு வளரும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம்.

சரி, வீட்டில் மாற்றலாமா? ஷொக் அப்சோபரும் (குலுக்கலை அடக்கும் குழாய் போன்ற பாகம்) ஸ்பிரிங்கும் தனித்தனியாக இருந்தால் பெரும்பாலும் முடியும். காரை இரும்புத் தாங்கியான ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள்), பின் அச்சுக்கு ஜாக்கை முட்டுக்கொடுத்து, ஷொக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பிரேக் குழாய் இழுபடாமல் அச்சை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். இரண்டும் ஒன்றாகக் கோர்த்த வகை என்றால் கராஜுக்கே விடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடிக்கும்.

உடைந்த பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மற்றப் பக்க ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால் கார் சாயும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சோடியாகவே வாங்குங்கள்.