சனிக்கிழமை செக்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் மகன் சுவரில் துளை போடும் டிரில் ஒன்றை ஆன்லைனில் வாங்கினான். சீனத் தயாரிப்பு, 1,700 ரூபாய். நம் நாட்டுக் கம்பெனியின் டிரில் 2,900க்குக் கிடைக்கிறது. "நீ மிச்சம் பிடித்த 1,200 ரூபாய் இங்கே ஒருவனுடைய கூலி" என்றேன். வாக்குவாதம் முற்றி, பத்து நாளாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. வ.உ.சி.யின் கப்பலைக் கவிழ்த்தது மலிவுக் கட்டணத்துக்கு மயங்கிய நம் ஜனங்கள்தானே? மறைமலை நகரில் போர்டு கார் தொழிற்சாலை மூடியதும் நாம் ஆதரிக்காததால்தான். விலை கூடினாலும் உள்ளூர்ப் பொருளை வாங்குவது நுகர்வோரின் கடமை இல்லையா? நான் ஒரு தனியார் நிறுவனத்தின் பர்ச்சேஸ் பிரிவில் 28 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே விலையின் அருமை தெரிந்துதான் கேட்கிறேன்.

கே.எஸ்., வில்லிவாக்கம்

அன்புள்ள கே.எஸ்.,

கடிதங்களுக்கு உடனே பதில் போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. போன வாரம் அம்மாவின் பீரோவைக் காலி செய்தபோது அப்பாவின் பழைய டெலிவரி சலான் புத்தகம் ஒன்று அகப்பட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் சில்லறை விஷயங்கள். போர்டு அமெரிக்கக் கம்பெனி. மறைமலை நகரில் செய்த எக்கோஸ்போர்ட் கார்கள் அமெரிக்காவுக்கே கப்பலேறின. 2022 ஜூலையோடு அதுவும் நின்றது. அந்தக் கார் உள்ளூர்ப் பொருளா, வெளியூர்ப் பொருளா என்று மகனிடம் பேச ஆரம்பித்ததும் கேட்டுப் பாருங்கள்.

வ.உ.சி. விஷயத்தில் ஜனங்கள் மேல் பழி போடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். 1906இல் ஊர் ஊராகப் பங்கு சேர்த்துக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மா ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பார்கள். அதையும் தாங்கி ஓடிய கம்பெனிதான் அது. 1908இல் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள், 1911இல் கம்பெனியை மூடினார்கள், அப்போதும் அவர் உள்ளேதான் இருந்தார். இதில் டிக்கெட் வாங்கியவனை எதற்குத் திட்டுகிறீர்கள்?

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பர்ச்சேஸில் 28 ஆண்டுகள்! அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதற்கப்புறம் வேறெதுவும் ஓடவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. அதன் ஓரத்துத் தெரு ஒன்றில் அப்பாவுக்கு ஒரு ஷெட். இரண்டு லேத், ஒரு பெஞ்ச் டிரில், நான்கு ஆட்கள். பக்கத்துத் தெருவில் இருந்த பெரிய கம்பெனிக்குப் புஷ், அதாவது இயந்திரத் தண்டு உட்காரும் உலோக வளையம், கடைந்து கொடுப்பதுதான் வேலை. முழுக்க முழுக்க இந்தியக் கம்பெனி சார் அது, வருஷா வருஷம் பாரத மாதா படம் போட்ட காலண்டர் கொடுப்பார்கள். அப்பா கடைந்த ஒவ்வொரு புஷ்ஷையும் வெர்னியரில் அளந்துவிட்டு, கட்டைவிரலை விளிம்பைச் சுற்றி ஒருமுறை ஓட்டுவார். பிசிறு இருந்தால் விரல் சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலை பின்னிவிடும்போது அந்த விரல் முடியில் மாட்டிக்கொள்ளும், அவ்வளவு சொரசொரப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்களுக்குக் கூலி. அதனால் சனிக்கிழமை மத்தியானம் மொபெட்டில் என்னையும் உட்கார வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போவார். கேட்டில் பெயர் எழுதிச் சீட்டு வாங்கி, அக்கவுண்ட்ஸ் ஜன்னலுக்கு முன்னால் நிற்போம். "செக் கையெழுத்துக்குப் போயிருக்கு." "சார் டூர்ல இருக்கார், திங்கட்கிழமை வாங்க." திரும்பும்போது எனக்கு ஒரு ரோஸ் மில்க் நிச்சயம். மகள் மேல் அவ்வளவு பிரியம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையோடு வந்து நிற்பவரை அதட்டி அனுப்ப மாட்டார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது எனக்கே ஒரு மகள் பிறந்த பிறகுதான் உறைத்தது. பிரியமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

பில் தொண்ணூறு நாளைத் தாண்டினால் இன்னொரு வித்தை நடக்கும். மூன்று மாதம் ஸ்டோரில் கிடந்த புஷ்ஷில் திடீரென்று நூறு பீஸ் 'ரிஜெக்ட்' ஆகும். மாற்றிக் கொடுத்தால் புது சலான், புது பில், முதலிலிருந்து நாள் எண்ண வேண்டும். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சலான் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் வேறொரு கணக்கு இருக்கிறது. 'செயின், 3 பவுன், சேட்டு' என்று எழுதி எதிரே இரண்டு தேதிகள், போனதும் வந்ததும். போன தேதி எல்லாம் சனிக்கிழமை. அந்தப் பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தது அம்மாவின் கழுத்து, சேட்டுக்கு வட்டி கட்டியதும் அதே கழுத்துதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. சிறு தொழில்களுக்குப் பணம் தாமதித்தால் வட்டி தர வேண்டும் என்று 1993லேயே சட்டம் வந்தது. 2006இல் அதை மாற்றி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டுவட்டி என்றார்கள். இப்போது வருமான வரியிலும் ஒரு கொக்கி போட்டிருக்கிறார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்கவில்லையென்றால், கொடுக்கிற வருஷம்வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. நல்லது. ஆனால் வட்டி கேட்டு நோட்டீஸ் விட்டவனுக்கு அடுத்த ஆர்டரை யார் போடுவார்கள்? அப்பா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. 1998இல் ஷெட்டை மூடினார். அந்தப் புஷ்ஷுக்கு அப்போது சீனப் போட்டி எதுவும் கிடையாது. வாங்கியவர் பக்கத்துத் தெருதான், பொருளும் அவருக்குத் தேவைதான், விலையிலும் தகராறு இல்லை. இரண்டு லேத்தையும் காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டு போனார். நாலு பேரில் ஒருவர் பிறகு பாடியில் ஆட்டோ ஓட்டினார்.

இப்போது உங்கள் 1,200 ரூபாய்க்கு வாருங்கள். மகன் அதைக் கொடுத்து 2,900 ரூபாய் டிரில்லையே வாங்கியிருந்தான் என்று வைத்துக்கொள்வோம். அதில் எத்தனை ரூபாய், எத்தனையாவது நாளில், எந்த ஷெட்டுக்குப் போய்ச் சேரும்? என்னால் சொல்ல முடியாது, உங்கள் மகனாலும் முடியாது. கடையில் நிற்கிறவனுக்கு அட்டைப் பெட்டியில் ஊர்ப் பெயர் மட்டும்தான் தெரியும். மீதியெல்லாம் தெரிந்த நாற்காலியில் 28 வருஷம் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். ஒரு டிரில் வாங்கியதற்காகப் பெற்ற பிள்ளையோடு பேசாமல் இருக்கிறீர்களே, உங்கள் டிராயரில் எத்தனை பேருடைய பில் எத்தனை நாள் தூங்கியது? ஒன்றுமே தூங்கவில்லை என்றால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். தூங்கியிருந்தாலும் உங்களைக் கெட்டவர் என்று சொல்லவில்லை, மேலே இருந்தவர் நிறுத்தி வைக்கச் சொல்லியிருப்பார். எங்கள் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர்கூட நல்ல மனிதர்தான். ஒரு தீபாவளிக்கு எனக்குப் பத்து ரூபாய் கொடுத்தார். அப்பாவின் செக் பொங்கலுக்குத்தான் வந்தது.

உங்கள் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவரின் நம்பர் உங்களிடம் இருக்கும். ஒரு போன் போட்டு, அங்கே எத்தனை நாளில் பணம் போகிறது என்று விசாரியுங்கள். பெரியவர் கேட்டால் சொல்வார்கள். எனக்கும் எழுதுங்கள்.

டிரில்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். வாங்கியாகிவிட்டது, இருக்கட்டும். மகனைக் கூப்பிட்டு, வீட்டில் மாட்டாமல் கிடக்கும் அலமாரி ஏதாவது இருந்தால் மாட்டச் சொல்லுங்கள். ஸ்டூலை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.