குழந்தையின் முகத்தைப் பார்க்கும் ஆசைக்காக ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு இது 24-வது வாரம். அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார், குழந்தை வயிற்றுக்குள் கொட்டாவி விடுவதை 4டி (அசையும் முப்பரிமாண) வீடியோவாக எடுத்து வைத்திருக்கிறார். அதன் இதயத்துடிப்பைக்கூடப் பதிவுசெய்து ஒரு கரடி பொம்மைக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நானும் எங்கள் டாக்டரிடம் கேட்டேன். ‘காரணம் இல்லாமல் எடுக்க மாட்டோம்’ என்று சொல்லிவிட்டார். பணம் கட்டத் தயாராக இருக்கும்போது ஏன் மறுக்கிறார்கள்? (வாசகி, திருப்பூர்)

பதில்: உங்கள் டாக்டர் மறுத்தது சரிதான். ஏன் என்று இரண்டு நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம்.

பெண் கருக்களைக் கலைப்பதைத் தடுக்க இந்தியாவில் 1994-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ‘எஃப்’ படிவம் நிரப்ப வேண்டும். அதில் உள்ள மருத்துவக் காரணங்களில் எதற்காக எடுக்கிறோம் என்று குறிக்க வேண்டும். ‘முகம் பார்க்க ஆசை’ என்று அதில் ஒரு கட்டம் கிடையாது. இல்லாத காரணத்தை எழுதி மாட்டினால் டாக்டருக்கு 3 ஆண்டு வரை சிறை, மெஷினுக்கு சீல். உங்கள் ஆசைக்காக யாரும் அந்த வம்பை விலைக்கு வாங்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ இதை வேண்டாம் என்றுதான் சொல்கிறது. கனெக்டிகட் மாநிலம் 2009-ல் தடையே போட்டுவிட்டது.

ஸ்கேனில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை. முறையாக எடுத்த ஸ்கேனால் குழந்தைக்குக் கெடுதல் வந்ததாக நிரூபணமும் இல்லை. ஆனால் ஒலி அலை உள்ளே போகும்போது திசு லேசாகச் சூடாகும். ஸ்கிரீன் ஓரத்தில் டிஐ, எம்ஐ என்று இரண்டு எண்கள் தெரியும். முதலாவது அந்தச் சூட்டுக்கான கணக்கு. அதைக் குறைவாக வைத்து, தேவையான நேரம் மட்டும் பார்த்து முடிப்பதுதான் முறை. குழந்தை எப்போது திரும்பும், எப்போது சிரிக்கும் என்று அரை மணி நேரம் காத்திருந்து படம் பிடிப்பது அந்த முறைக்கு நேர் எதிர்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. நினைவுப் படம் எடுப்பவர் முகத்தைத்தான் தேடுவார். இதயத்தின் நான்கு அறைகள், முதுகுத்தண்டு, நஞ்சுக்கொடி இருக்கும் இடம் எதையும் பார்க்க மாட்டார். குடும்பமோ ‘ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்ற நிம்மதியில் வீட்டுக்குப் போகும். அதையே ஒரு டாக்டர் தன் கிளினிக்கில் செய்தால் அந்த நம்பிக்கை இரட்டிப்பாகும். சட்டம் அனுமதிக்கிற ஊரிலும் டாக்டர்கள் இதை ஒரு பேக்கேஜாக விற்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆனால் இந்த ஆசையில் தப்பே இல்லை. பல ஸ்கேன் சென்டர்களில் கணவரை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். ஸ்கிரீன் டாக்டர் பக்கமே திரும்பியிருக்கும். ‘நல்லா இருக்கும்மா, அடுத்த ஆளை வரச் சொல்லுங்க’ என்பதோடு முடிந்துவிடும். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததும் ஸ்கிரீனைத் திருப்பி, துடிக்கிற இதயத்தையும் விரியும் விரல்களையும் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

அதனால், அடுத்து குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் குரோத் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தால், அதன்போதே முகத்தைக் காட்டி ஒரு பிரிண்ட் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். குழந்தை உங்கள் முதுகைப் பார்த்துப் படுத்திருந்தாலோ, பனிக்குட நீர் குறைவாக இருந்தாலோ முகம் தெளிவாக விழாது. இப்போது எடுத்தால், கன்னத்தில் சதை பிடிக்காததால் கிழவர் முகம் மாதிரிதான் இருக்கும், பயந்துவிடாதீர்கள். குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க 18-20 வாரத்தில் எடுக்க வேண்டிய அனாமலி ஸ்கேனை ஒருவேளை விட்டிருந்தால், இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம், வீட்டிலேயே துடிப்பைக் கேட்கும் கையடக்க டாப்ளர் கருவியை நாத்தனார் அனுப்புவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் ரத்தக்குழாயின் ஓசையையே குழந்தையின் துடிப்பு என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், கருவியில் சத்தம் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.