நடந்தும் எடை குறையவில்லையே?

கேள்வி: வயது 46, எடை 84 கிலோ. ஒரு மாதமாகத் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். அரைக் கிலோகூட இறங்கவில்லை. காலையில் இரண்டு ரொட்டி சானாய் (பரோட்டா), தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்). மதியம் நாசி கண்டார் (பல குழம்பு ஊற்றிய சோறு). எங்கே தப்பு? - வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நடையில் தப்பில்லை, பசியாறுவதில்தான். உங்கள் எடைக்கு அரை மணி நேர நடை எரிப்பது ஏறக்குறைய 150 கலோரி. ஒரு ரொட்டி சானாயிலேயே சுமார் 300 இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால் சேர்ந்த தே தாரிக், நடந்ததில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். பாலும் சர்க்கரையும் இல்லாத 'தே ஓ கொசோங்' கேளுங்கள். நாக்குக்குப் பழக இரண்டு வாரமாவது ஆகும்.

நாசி கண்டாரை விடச் சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? வாரம் ஒருமுறை போதும். குழம்பை வெள்ளமாக ஊற்ற விடாதீர்கள். எண்ணெயும் உப்பும் அதில்தான். மற்ற நாள்களில் மலேசிய சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், பாதி) முறை: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கறி, பழம். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றைக் குறைக்குமுன் மருத்துவரிடம் கேட்கவேண்டும். சர்க்கரை சட்டென இறங்கிவிடலாம்.

நடையைப் பேச்சு வரும், பாட்டு வராது என்ற வேகத்துக்குக் கூட்டுங்கள். வாரம் இருமுறை நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை 10 தடவை வீதம் மூன்று சுற்று செய்யுங்கள். பினாங்கு தாவரவியல் பூங்காவுக்குப் போனால் கையில் பலகாரப் பை வேண்டாம், குரங்கு விடாது.

எடையை வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். இடுப்பையும் அளந்து வையுங்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80-க்குள்.