கடல்குதிரையைக் கடைசியாக வாங்குங்கள்

கேள்வி: நன்னீர் மீன் வளர்த்த இரண்டடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதிலேயே உப்புத்தண்ணீர் நிரப்பி ஒரு ஜோடி கடல்குதிரை விடலாமா?

பதில்: வேண்டாம். உயரம் போதாது. கடல்குதிரை நிமிர்ந்து நீந்தும் மீன், ஜோடி சேரும்போது ஆணும் பெண்ணும் சேர்ந்தே மேலே எழும்பித்தான் பெண் தன் முட்டைகளை ஆணின் பைக்குள் விடும், அதற்குத் தண்ணீரில் ஆழம் வேண்டும். வாலை நீட்டி அளந்தால் வரும் நீளத்தைப் போல மூன்று மடங்கு ஆழம் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. விற்பனைக்கு அதிகம் வரும் எரெக்டஸ், ரெய்டி வகைகள் 15 செ.மீ. சாதாரணமாக வளரும், ஆக 45 செ.மீ. ஆழம், ஒரு ஜோடிக்கு 110 லிட்டருக்குக் குறையாத தண்ணீர். 60க்கு 30க்கு 38 செ.மீ. உள்ள இரண்டடித் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாலும் 68 லிட்டர்தான் பிடிக்கும்.

பழைய மணலையும் கல்லையும்கூடத் தூக்கிப் போட்டுவிடுங்கள். எப்போதாவது மீனுக்குத் தாமிரம் கலந்த மருந்து ஊற்றியிருந்தால் அது அவற்றில் தங்கியிருந்து நத்தை, இறால் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

"அப்படியென்றால் குள்ள வகை வாங்குங்கள், சின்னத் தொட்டியே போதும்" என்று கடையில் சொல்வார்கள். தொட்டி போதும், பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டரை செ.மீ. ஜீவனுக்கு அன்றன்று பொரித்த உயிருள்ள ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால் போன்ற உயிரி) குஞ்சு வேண்டும், தினமும். ஆயுளும் ஏறக்குறைய ஒரு வருடம்தான்.

கேள்வி: ஒரே கடையில் இரண்டு விலை. ஒன்றில் "கேப்டிவ் பிரெட்" என்று சீட்டு, இன்னொன்றில் "டேங்க் ரைஸ்டு", அது கணிசமாக மலிவு. பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: முதல் சீட்டு உண்மையாக இருந்தால் அதை எடுங்கள். தாயும் தகப்பனும் தொட்டியில் வாழ்ந்து, குஞ்சும் மூடிய தொட்டியிலேயே பிறந்து, சின்ன வயதிலேயே உறைந்த இரை தின்னப் பழகியது என்று அதற்கு அர்த்தம். இரண்டாவது சீட்டுக்குள் எது வேண்டுமானாலும் இருக்கும்: கடலில் பிடித்த சினை ஆணிடமிருந்து பிறந்த குஞ்சாக இருக்கலாம், கடல்நீரை நேராக இறைத்துவிட்ட குளத்தில் வளர்ந்ததாக இருக்கலாம், கடலில் பிடித்து கொஞ்ச காலம் தொட்டியில் வைத்ததாகவும் இருக்கலாம். கடல்நீரோடு ஒட்டுண்ணிகளும் வந்துவிடும். கடலில் பிடித்ததோ பெரும்பாலும் உயிருள்ள இரையைத் தவிர எதையும் தொடாது, தினமும் அதைத் தேடி அலைய உங்களால் முடியாது, விலையில் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

சீட்டை மட்டும் நம்பாமல் சாப்பிட வைத்துப் பாருங்கள். உறைந்த மைசிஸ் இறாலை உருக்கிப் போடச் சொல்லிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் நில்லுங்கள். நல்ல ஆரோக்கியமான கடல்குதிரை இரண்டு கண்ணையும் தனித்தனியாக உருட்டி இரையைப் பார்க்கும், மூக்குக்குழலை மெல்லப் பக்கத்தில் கொண்டுபோகும், அப்புறம் கண் சிமிட்டும் நேரத்தில் உறிஞ்சிவிடும். தொட்டியருகே சத்தமில்லாமல் இருந்தால் "டக்" என்ற ஒலி சில சமயம் காதில்கூட விழும். "இப்போதுதான் சாப்பிட்டது" என்று கடைக்காரர் சொன்னால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வயிற்றுப் பக்கம் எலும்பு வளையங்களுக்கு நடுவே ஒட்டிப்போய் இருந்தால், வால் நுனி வெளுத்திருந்தால், மூச்சு படபடவென்று வாங்கினால், இறங்க முடியாமல் மேலேயே மிதந்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொன்று, பில்லோடு அது எங்கே பிறந்தது என்று எழுதி வாங்குங்கள். கடல்குதிரைப் பேரினம் முழுவதும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, 2004 முதல் அமலில் உள்ளது. எல்லை தாண்டி வந்ததென்றால் ஏற்றுமதி அனுமதி இருந்தாக வேண்டும். சில நாடுகளின் உள்நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையானது. வளர்க்கவே அனுமதி உண்டா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் தொட்டியைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: சில்லர், ஸ்கிம்மர், யு.வி., பவளப்பாறைக்கான எல்.இ.டி., வேவ் மேக்கர், ஹீட்டர் என்று நீளமான பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் தேவையா?

பதில்: குளிர்ச்சிக்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள், வெளிச்சத்தில் மிச்சம் பிடியுங்கள். வெப்பமண்டல வகை என்பதால் சூடு தாங்கும் என்று நினைத்துத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தொட்டியில் 22 முதல் 24 டிகிரி செல்சியஸ்தான் பாதுகாப்பு, 26ஐத் தாண்டினால் விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகும், தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். பம்ப்பும் விளக்கும் வேறு சூடேற்றிக்கொண்டே இருக்கும். அறை எப்போதும் குளுமை என்றால் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன விசிறி ஓடினாலே ஓரிரு டிகிரி இறங்கிவிடும். இல்லையென்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான், வேறு வழியில்லை.

கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் வேண்டும், ஏனென்றால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை இரை போடுகிற தொட்டியில் கழிவு அந்த அளவுக்குச் சேரும். கிருமி கொல்லும் யு.வி. விளக்கு இருந்தால் நல்லது, பிறகு வாங்கினாலும் பரவாயில்லை. வெளிச்சத்துக்குச் சாதாரண எல்.இ.டி. போதும். தண்ணீர் அசையவே கூடாது என்பது பழங்கதை. தேங்கிய மூலையில்தான் மிஞ்சிய இரை அழுகும். ஒரு மணி நேரத்துக்குப் பத்து முறையாவது மொத்தத் தண்ணீரும் சுற்றட்டும், பீறிட்டு அடிக்காமல் இருந்தால் சரி. வேவ் மேக்கர் வாங்கினால் உறிஞ்சும் வாய்க்கு ஸ்பாஞ்ச் மூடி போடுங்கள், இல்லாவிட்டால் வாலை இழுத்துவிடும். ஹீட்டருக்கும் கூண்டு கட்டாயம். கையில் கிடைத்ததை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுப்பது அதன் பழக்கம், வெறும் ஹீட்டரைப் பிடித்தால் வெந்துவிடும். பிடித்துக்கொள்ள பிளாஸ்டிக் செடியே போதும், அதற்குக் கௌரவம் பார்க்காது.

இதையெல்லாம் பொருத்திவிட்டு, மீன் இல்லாமல் நான்கு முதல் ஆறு வாரம் ஓடவிடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கடல்குதிரை. கடைக்காரருக்கு இது பிடிக்காது.

கேள்வி: நான் உப்பே சேர்க்கவில்லை, ஆனாலும் உப்பைக் காட்டும் அடர்த்தி எண் 1.023இலிருந்து 1.026க்கு ஏறிவிட்டது. உப்புப் பாக்கெட் போலியா?

பதில்: உப்பில் குறையில்லை. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. தொட்டிச் சுவரில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, மட்டம் இறங்க இறங்க உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போதுதான் உப்புக் கரைசல். அளப்பது பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் என்றால் அதன் முள்ளில் ஒரு சின்னக் குமிழ் ஒட்டினாலும் அளவு தப்பும், ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி அளவுத் திரவத்தால் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காய்ந்த தீவனம் போட்டால் ஆகாதா? ஒரு வேளை போட்டால் போதாதா?

பதில்: கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. தின்றது சீக்கிரமே வெளியே போய்விடும், சேமித்து வைக்க இடமில்லை, அதனால் குறைந்தது இரண்டு வேளை, முடிந்தால் மூன்று. பெரும்பாலானவை காய்ந்த செதிலைத் திரும்பியும் பார்ப்பதில்லை. உறைந்த மைசிஸ்தான் அன்றாட இரை. வளர்ந்த ஆர்டீமியாவில் சத்து குறைவு, அதையே தினமும் போட்டால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. இரையை ஒரு சிப்பியிலோ கிண்ணத்திலோ போட்டுப் பழக்கினால் மிச்சத்தை எடுப்பதும் சுலபம்.

கேள்வி: கூடவே கோமாளி மீனும் அதற்கு ஒரு கடல்சாமந்தியும் வைக்க ஆசை.

பதில்: ஆசையை வேறு தொட்டியில் தீர்த்துக்கொள்ளுங்கள். கடல்சாமந்தி கொட்டும், கோமாளி மீன் இரையைப் பறித்துத் தின்றுவிடும், கடல்குதிரை நிதானமாகத் தின்னும் ஜீவன். நத்தைகள், அமைதியான சின்ன கோபி மீன், கடல்பாசி, இவை போதும்.

கேள்வி: வாங்கி இரண்டாம் நாளே ஒன்று செத்துவிட்டது. "உங்கள் தண்ணீர் சரியில்லை" என்று கடையில் கையை விரிக்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், அதனால்தான் ஆதாரம் வேண்டும். வாங்கும் அன்றே உங்கள் தொட்டித் தண்ணீரைச் சோதித்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பையில் வந்த தண்ணீரையும் கொட்டிவிடாமல் உப்பு, வெப்பம் இரண்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அவசரமாகத் தொட்டிக்கு மாற்றியதும் காரணமாகலாம். எத்தனை நாள் உத்தரவாதம், செத்தால் பணமா மாற்று மீனா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் எழுத்தில் கேளுங்கள். கையில் எதுவும் இல்லாமல் இப்போது போய்ச் சண்டை போட்டால் ஜெயிப்பது கஷ்டம், இருந்தாலும் பில்லையும் படங்களையும் வைத்து ஒரு புகார் எழுதிக் கொடுங்கள். மிச்சமிருக்கும் ஒன்றைக் கவனியுங்கள், அம்மோனியாவை இன்றே சோதியுங்கள்.

கேள்வி: ஒரு வாரம் ஊருக்குப் போக வேண்டும். தானாக இரை போடும் கருவி வாங்கலாமா?

பதில்: சாதாரணக் கருவி காய்ந்த தீவனத்துக்குத்தான், உறைந்த மைசிஸ் அதில் கெட்டுப்போகும். ஆள்தான் வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் உள்ளதைத் தனித்தனி டப்பாவில் போட்டுத் தேதி எழுதி ஃபிரீசரில் வைத்துவிடுங்கள், பாக்கெட்டை அப்படியே கொடுத்தால் பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் ஓரிரு நாள் உங்கள் கண் முன்னால் அவரே போடட்டும், மிஞ்சியதை எடுக்கவும் காட்டிக் கொடுங்கள். அப்படி வர ஒருவரும் கிடைக்காத வீடென்றால் கடல்குதிரை வேண்டாம், வேறு மீன் பாருங்கள்.