டார்ச்சை மாற்ற வேண்டாம், கம்பியை மாற்றுங்கள்

கேள்வி: அப்பாவின் பழைய இரும்பு சைக்கிளில் பின் பிரேக்கைக் கேபிளுக்கு மாற்றுகிறேன். அதற்காக மேல் பாரில், கேபிள் உறையின் முனையைத் தாங்கும் இரண்டு சின்ன ஸ்டாப்பர்களைப் பத்தவைக்க வேண்டும். '1,300 டிகிரி' என்று பெட்டியில் போட்டிருந்த பியூட்டேன் டார்ச்சும், வெல்டிங் கடையில் பித்தளைக் கம்பியும் வாங்கினேன். அரை மணி நேரம் தீயைக் காட்டியும் பைப் லேசாகச் சிவந்தது, கம்பி உருகவில்லை. டார்ச்சில் ஏமாந்துவிட்டேனா? பெரிதாக ஒன்று வாங்கட்டுமா? – ஈரோடு வாசகர்

பதில்: ஏமாறவில்லை. ஆனால் பெட்டியில் போட்டிருப்பது சுடரின் சூடு. அகல் விளக்கின் சுடர்கூட ஆயிரம் டிகிரியைத் தொடும். அதை வைத்து ஒரு அண்டா தண்ணீரைக் கொதிக்கவைக்க முடியாதே! டார்ச் கொடுக்கிற சூட்டை பைப் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பித்தளைக் கம்பி உருக 900 டிகிரி அளவுக்கு இரும்பே சூடாக வேண்டும். உங்கள் டார்ச்சால் அது ஆகாது.

இரும்பை உருக்காமல் கம்பியை மட்டும் உருக்கி ஒட்டுவதற்குப் பிரேசிங் என்று பெயர். வெள்ளி கலந்த பிரேசிங் கம்பி வாங்குங்கள். 55 அல்லது 56 சதவீத வெள்ளி உள்ளது ஏறக்குறைய 650 டிகிரியிலேயே ஓடிவிடும். விலையைக் கேட்டால் பகீரென்று இருக்கும், ஆனால் கிராம் கணக்கில் வாங்கலாம். ஒன்றரை மில்லிமீட்டர் கம்பியில் 2 சென்டிமீட்டர் என்பது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு ஸ்டாப்பருக்கு அது போதும். உறையில் 'கேட்மியம் இல்லாதது' என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். கேட்மியம் புகை அந்த நேரத்தில் ஒன்றும் செய்யாததுபோல இருந்து, சில மணி நேரம் கழித்து நுரையீரலைத் தாக்கும், உயிரையே எடுக்கும்.

கடையில் இன்னொன்றையும் நீட்டுவார்கள்: ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்குப் பயன்படுத்தும் கம்பி. மலிவு, எளிதாகவும் உருகும். அதில் பாஸ்பரஸ் இருக்கிறது. அது இரும்போடு சேர்ந்து இணைப்பை மொறுமொறுவென்று ஆக்கிவிடும். நான் அதில்தான் ஒரு கேரியர் கம்பியை ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது, ஒரே மாதத்தில் விட்டுப்போனது. இரும்புக்கு அது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஃப்ளக்ஸ், அதாவது சூட்டில் இரும்பின் மேல் கசடு படியாமல் காத்து, உருகிய கம்பியை ஓடவைக்கும் பொருள். நாட்டு மருந்துக் கடை வெங்காரம் பித்தளைக்குச் சரி. வெள்ளிக் கம்பி ஓடும் சூட்டில் அது சரியாக இளகாது. வெள்ளிக் கம்பிக்கென்றே விற்கும் ஃப்ளக்ஸ் பசையைக் கேட்டு வாங்குங்கள். கூடவே எடை குறைந்த, சூடு தாங்கும் செங்கல் நாலு. பெரிய டார்ச்சுக்குக் கொடுக்க நினைத்த பணத்தை இதில் போடுங்கள். இணைப்பின் பின்னாலும் பக்கத்திலும் கல்லை நிறுத்தினால் வெளியே போகும் சூடு திரும்பி வரும். உங்கள் சின்ன டார்ச்சுக்கே பாதி பலம் கூடியதுபோல இருக்கும்.

வேலை செய்யும்போது பெயின்டையும் முலாமையும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். துத்தநாக முலாம் புகைந்தால் இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். ஸ்டாப்பர் பைப்பின் வளைவில் இடைவெளி தெரியாமல் உட்கார வேண்டும். வெள்ளி ஊர்ந்து போவதே அந்த மெல்லிய சந்தில்தான். கட்டுக்கம்பியால் கட்டி, பசை தடவி, பைப்பையும் ஸ்டாப்பரையும் சேர்த்தே சூடாக்குங்கள். பசை முதலில் வெள்ளையாகப் பொங்கும், பிறகு தண்ணீர்போலத் தெளியும். அப்போது கம்பியை இரும்பில் தொடுங்கள், தீயில் காட்டாதீர்கள். இரும்பின் சூட்டிலேயே அது உருகி உள்ளே ஓட வேண்டும். தானாக ஆறவிட்டு, வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் ஃப்ளக்ஸ் போய்விடும். சைக்கிளின் பழைய லக் இணைப்புகள் (பைப்புகளைச் செருகி ஒட்டிய இரும்பு உறைகள்) பித்தளையில் போட்டவை, இந்தச் சூட்டுக்கு அசையாது. திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு செய்யுங்கள். டார்ச்சின் கேஸ் கேனைத் தலைகீழாகச் சாய்த்தால் திரவமே வெளியே வந்து தீ பாயும், கவனம்.

கேள்வி: வீட்டு சிலிண்டரில் டார்ச் மாட்டலாமா? ஃபோர்க்கில் இருக்கும் விரிசலையும் அதோடு ஒட்டிவிடலாமா? – அதே வாசகர்

பதில்: இரண்டும் கூடாது. அடுப்பு ரெகுலேட்டர் விடும் அழுத்தம் டார்ச்சுக்குப் போதாது. அதைக் கழற்றி வேறு ரெகுலேட்டர் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஆபத்து ஒரு பக்கம். வீட்டு சிலிண்டரை வேறு வேலைக்கு எடுப்பது சட்டப்படியும் தவறு.

ஃபோர்க் உங்கள் உயிரைச் சுமக்கும் பாகம். வண்டி ஓடும்போது அது விட்டால் முகம்தான் முதலில் தரையில் படும். விரிசல் கண்ட ஃபோர்க்கை எந்தக் கடையிலும் ஒட்டக் கொடுக்காமல் புதிதாக மாற்றுங்கள். இந்த வகை சைக்கிளுக்கு ஃபோர்க் இன்னும் கிடைக்கிறது. வாங்கும்போது ஸ்டீயரிங் குழாயின் நீளத்தைப் பழையதோடு வைத்து அளந்து பாருங்கள்.