பட்ஜில் 4.6 வந்தால் பிள்ளை பெறலாமா?

ஹட்டனில் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே உதவியாளராக இருக்கும் மகள் ஒருவர் எழுதியிருக்கிறார். வேலையில் உடம்பில் படும் கதிரை அளக்க நெஞ்சில் குத்தும் டி.எல்.டி. பட்ஜின் ரிப்போட்டில் இந்த முறை இரண்டு மாதத்துக்கு 4.6 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு) என்று வந்திருக்கிறது. இதற்கு முன் 0.1, 0.2 தான். முதலாளி, "மெஷின் பிழை, இனிமேல் பட்ஜை லாச்சிக்குள் வைத்துவிட்டு வேலை செய்" என்கிறாராம். கிளினிக்குகளில் பட்ஜ் சேகரித்துக் கொழும்புக்குக் கொண்டுபோகும் ஆளோ, பதினைந்தாயிரம் ரூபா தந்தால் இலக்கத்தை இறக்கித் தருவதாகச் சொல்கிறாராம். கல்யாணம் முடிந்து நான்கு மாதம். "பிள்ளை பெறலாமா சேர்?" என்று கேட்கிறார்.

பெறலாம் மகள். அந்தப் பயத்தை இன்றே விட்டுவிடுங்கள். எக்ஸ்ரே உடம்புக்குள் தங்குவதில்லை. மெஷினை நிறுத்தியதும் அதுவும் நின்றுவிடும். இந்த வேலை செய்கிறவருக்கு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் வரை என்பது எல்லை. மண், கல், காற்று, வானம் என்று இயற்கையிலிருந்தே உலகத்தில் ஓர் ஆளுக்குச் சராசரியாக வருடத்துக்கு 2.4 வருகிறது. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு வந்தது இரண்டு வருட இயற்கைக் கதிர்வீச்சின் அளவு. வயிற்றில் இருக்கும் கருவுக்கே 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே கர்ப்பத்தைக் கலைக்க யோசிக்கக் காரணமில்லை என்பதுதான் சர்வதேச நிலைப்பாடு.

ஆனால் 4.6 சும்மா வராது. தடுப்புக்குப் பின்னால் நின்று சுவிட்ச் அழுத்துகிற ஒருவருக்கு அது வரவே கூடாது. அந்த இரண்டு மாதமும் பட்ஜ் எங்கே இருந்தது, நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதைத்தான் நாம் தேட வேண்டும்.

பட்ஜுக்குள் இருப்பது லித்தியம் புளோரைட்டு. கொஞ்சம் மக்னீசியமும் டைட்டானியமும் கலந்து செய்த சில்லு. வழக்கமான அளவு 3.2 மில்லிமீற்றர் சதுரம், தடிப்பு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. கதிர் பட்டால் அது கொடுத்த சக்தியில் ஒரு பங்கை இந்தச் சில்லு பிடித்து வைத்துக்கொள்ளும், கூடைக்குள் விழுந்த தேயிலைக் கொழுந்து மாதிரி. ஆய்வுகூடத்தில் சில்லைச் சூடாக்குவார்கள். 200 பாகை செல்சியசை அண்டியதும் பிடித்து வைத்ததை ஒளியாக விட்டுவிடும். அந்த ஒளியை அளந்தால் கதிரின் அளவு தெரியும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையை நிறுத்துக் கொட்டிய பிறகு அதே கொழுந்தை மறுபடி நிறுக்க முடியாது அல்லவா? இதுவும் அப்படித்தான். ஒரு தடவை வாசித்தால் சில்லு வெறுமையாகிவிடும். சூடு ஏற ஏற ஒளி எப்படி மாறியது என்று கணினியில் பதிந்த ஒளிக்கோடு மட்டும் மிஞ்சும்.

லித்தியம் புளோரைட்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், எக்ஸ்ரேயை வாங்கிக்கொள்ளும் விதத்தில் அது நம் சதைக்கு மிக நெருங்கியது. ரிப்போட்டில் ஆழ அளவு என்று இருப்பது உடம்பில் 10 மில்லிமீற்றர் உள்ளே பட்டது. தோல் அளவு என்பது 0.07 மில்லிமீற்றரில் பட்டது. இந்த இரண்டு வரியைத் தமிழில் அச்சடித்துத் தர என்ன பஞ்சமோ தெரியவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளை இந்த வேலையில் நிறுத்தத் தெரிகிறது, அவர்களுடைய உடம்பைப் பற்றிய கடதாசியை அவர்களுக்கு விளங்கும் மொழியில் கொடுக்கத் தெரியவில்லை.

மெஷின் பிழை என்கிறாரே உங்கள் முதலாளி, அதைச் சோதிக்க வழி இருக்கிறது. முன்பு ஒரு தாதியின் பட்ஜைத் திறந்தபோது சவர்க்கார வாசம் அடித்தது. சட்டையோடு சேர்த்துத் துவைத்திருக்கிறார். சில்லின் ஒரு மூலையில் வெள்ளையாக ஒரு படலம். சூடாக்கியதும் ஒளி வந்தது, ஆனால் 200 பாகையை ஒட்டி வர வேண்டிய மேடு இல்லை. சூடு ஏற ஏறக் கோடும் சும்மா ஏறிக்கொண்டே போனது. கதிர் பட்ட சில்லு அப்படிக் காட்டாது. ஆகவே உங்கள் 4.6இன் ஒளிக்கோட்டைப் பார்த்துச் சொல்லும்படி எழுத்தில் கேளுங்கள். அழுக்கா, கதிரா என்று அதில் தெரிந்துவிடும்.

கதிர்தான் என்றால், அநேகமாக இரண்டில் ஒன்று. வேலை முடிந்ததும் பட்ஜைக் கழற்றாமல் ஈய ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே அறைக்குள்ளேயே கொழுவிவிட்டுப் போயிருப்பீர்கள், அடுத்த ஆள் வேலை செய்யும்போது அதில் பட்டிருக்கும். நோயாளியின் மேல் விழுவதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மீற்றர் தள்ளிச் சிதறும். இடுப்பு, முதுகு எக்ஸ்ரே நிறைய எடுக்கும் இடத்தில் இரண்டு மாதம் கொழுவிக் கிடந்தால் இந்த அளவு சேரக்கூடியதே. மற்றது, அழுகிற குழந்தைகளைப் பிடிக்க உங்களை விட்டிருப்பார்கள். அது உங்கள் வேலை இல்லை மகள். தாயோ தகப்பனோ ஏப்ரன் போட்டுப் பிடிக்க வேண்டும். பட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் குத்துங்கள். வெளியே குத்தினால் ஈயம் தடுத்துவிடும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேலானதும் உங்கள் கணக்கில் ஏறும்.

இனி, இலக்கத்தை இறக்கித் தருவதாகச் சொன்ன அந்தத் தரகர். வாசித்து முடித்த சில்லின் இலக்கத்தை இறக்க உலகத்தில் எந்த வழியும் இல்லை. கடதாசியில் பொய் எழுதலாம், அவ்வளவுதான். ஆனால் இவர்கள் வாசிப்பதற்கு முன்பே செய்கிற வேலை ஒன்று உண்டு, அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டுப் பட்ஜோடும் யாரும் அணியாத ஒரு பட்ஜ் வரும், கட்டுப்பாட்டு பட்ஜ். அது உங்கள் ஊரிலேயே, எக்ஸ்ரே அறைக்குத் தூரத்தில் இருக்க வேண்டும். அதற்கு வந்த இயற்கை அளவை மற்ற எல்லாப் பட்ஜிலிருந்தும் கழிப்பார்கள். மடுவத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிக்கும்போது நம் அம்மாமார் வயிறெரிந்த கதை உங்களுக்குத் தெரியும். இதுவும் ஒரு கழிவுதான். கட்டுப்பாட்டு பட்ஜை எக்ஸ்ரே அறை ஆணியில் மாட்டிவிட்டால் கழிவு பெரிதாகும், எல்லோருடைய இலக்கமும் பூச்சியத்துக்கு இறங்கும். அந்த ஆணியை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த இடத்தில் நான்கு பேருக்கும் வருடம் முழுக்கப் பூச்சியம், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியும் இருந்தார்கள். பட்ஜைத் தரகரிடம் கொடுக்க வேண்டாம். கிளினிக்கே பதிவுத் தபாலில் அனுப்பட்டும், இலக்கத்தை நீங்கள் குறித்து வையுங்கள்.

லாச்சியில் வைக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். வேலை நேரத்தில் பட்ஜைக் கழற்ற ஒரே ஒரு சந்தர்ப்பம்தான்: எக்ஸ்ரே உங்களுக்கே எடுக்கும்போது. சளிக்கு நெஞ்சுப் படமோ, வெளிநாட்டு மெடிக்கலோ, பல்லுக்கோ, அந்தக் கதிர் நீங்கள் நோயாளியாக வாங்கியது, தொழில் கணக்கில் சேராது. உங்கள் பிள்ளையைத் தாயாகப் பிடித்துக்கொள்ளும் நாளிலும் அதே கதைதான். லீவு நாளில், வேறு ஆஸ்பத்திரியில், பட்ஜ் கைப்பைக்குள் இருந்து பை உங்கள் மடியில் இருந்தாலும் கணக்குக் குழம்பும். பட்ஜை வீட்டுக்கே கொண்டுபோகாதீர்கள். மறந்து அணிந்துவிட்டால் திகதியையும் என்ன படம் என்பதையும் எழுதிக் கொடுங்கள், திருத்துவார்கள்.

கர்ப்பம் உறுதியானதும் அன்றே எழுத்தில் அறிவியுங்கள். அதன் பிறகு பிரசவம் வரை கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றித் தருவது முதலாளியின் கடமை. வேலையை விட்டு நிறுத்துவது அந்தக் கடமை அல்ல.

இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் வந்து, அதன் கீழ் ஒழுங்குபடுத்தும் பேரவையும் இருக்கிறது. சட்டம் கொழும்பில் இருக்கிறது, ரிப்போட் முதலாளியின் மேசையில் இருக்கிறது, இடையில் நிற்பது நீங்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் அளவுப் பதிவுகளைப் பார்க்கவும் பிரதி எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சர்வதேச விதிப்படி, உங்களுக்கு 75 வயதாகும்வரையாவது அவற்றை வைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஒரு கடிதம் எழுதுங்கள். பட்ஜ் இலக்கம், இரண்டு மாதத் திகதிகள், பட்ஜ் அறைக்குள் கொழுவிக் கிடந்த நாட்கள், குழந்தை பிடித்த நாட்கள், லாச்சியில் வைக்கச் சொன்ன திகதி, எல்லாம் தமிழிலேயே. முதலாளிக்கு ஒன்று, பேரவைக்கு ஒன்று. மூன்றாவது பிரதியை அம்மா வீட்டில் கொடுத்து வையுங்கள்.