கத்தியைப் பாக்கிறதுக்கு முன்னாடி உறையைப் பாருங்க

கூடலூர் பக்கம் வனக்காப்பாளரா வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருசம் ஆன ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அண்ணே, தினமும் பீட் (காட்டு ரோந்து) போறப்ப இடுப்புல வெச்சிக்கிற மாதிரி மடக்காத சின்னக் கத்தி ஒண்ணு வேணும். கயிறு அறுக்கணும், சாக்கு கிழிக்கணும், உண்ணிச்செடி குச்சி வெட்டணும், கேம்ப்ல காய் நறுக்கணும், மிருகம் பிடிக்க வெச்ச சுருக்குக் கம்பி கண்ல பட்டா அறுத்து எடுக்கணும். 3000 ரூபாய்க்குள்ள எந்த ஸ்டீல் நல்லது? எனக்குக் கை சின்னது, கடையில எடுத்துப் பாத்தது எல்லாமே பெருசா இருக்கு. போன தடவை வாங்கினது ஒரே மழைக்காலத்துல துரு ஏறிப் போச்சு."

தங்கச்சி, நீங்க கேட்டது ஸ்டீலைப் பத்தி, ஆனா விஷயம் உங்க கடைசி வரியில இருக்கு. அந்தக் கத்தி தோல் உறையில இருந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்வேன். கோத்தகிரியில என் பட்டறைக்கு துருப் பிடிச்சு வர்ற கத்தி முக்காவாசி அப்படித்தான் வருது. ஒரு தடவை எஸ்டேட் வாட்ச்மேன் ஒருத்தர் கொண்டு வந்த உறையோட தையலைப் பிரிச்சுப் பாத்தேன், உள்ள ஒரு பக்கம் வெள்ளையா பூஞ்சை, இன்னொரு பக்கம் கத்தி படுத்திருந்த இடம் அப்படியே அச்சு எடுத்த மாதிரி செகப்பா துரு. வெளிய தொட்டா காஞ்சு இருக்கு, உள்ள விரலை விட்டா சில்லுனு ஈரம். தோல் தண்ணிய உறிஞ்சும், லேசுல விடாது, பதப்படுத்துறப்ப ஏறின உப்பும் கெமிக்கலும் அந்த ஈரத்தோட சேந்து இரும்பைத் திங்கும். கீழ கோயமுத்தூர்ல இருக்கிறவங்களுக்கு இது ஒரு பிரச்சனையே இல்ல, மதிய வெயில்ல காஞ்சிடும். நம்ம மலையில ஜூன்ல மூடுற மிஸ்ட் செப்டம்பர் வரைக்கும் விடாது, 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்சது ஞாபகம் இருக்கும், இந்த ஊருக்கு கத்தி வாங்குறவங்க முதல்ல உறையைப் பாக்கணும், அப்புறம் பிடி, அப்புறம் அலகு, ஸ்டீல் கடைசிதான். கடைக்காரரும் யூட்யூப்காரரும் இதைத் தலைகீழா சொல்றாங்க, அதுல எனக்கு உண்மையாவே வருத்தம், ஏன்னா காசு குடுத்து ஏமாறுறது உங்களை மாதிரி சம்பளத்துல எடுத்து வெச்சு வாங்குறவங்க.

அதனால கெட்டி பிளாஸ்டிக் உறை எடுங்க, இல்லைன்னா கைடெக்ஸ் (சூடாக்கி வளைச்சு செய்யுற ஒரு வகை பிளாஸ்டிக் தகடு) உறை. அடியில தண்ணி வடிய ஓட்டை இருக்கணும், இது கண்டிப்பு. அப்புறம் கடையிலயே ஒரு டெஸ்ட் பண்ணுங்க, கத்தியை உறையில போட்டு 'டக்'னு சத்தம் வருதான்னு கேளுங்க, தலைகீழா பிடிச்சு பத்து தடவை நல்லா உதறுங்க, விழக்கூடாது. அதே கத்தி கட்டை விரலால உறையோட விளிம்பை ஒரு தள்ளு தள்ளினா வெளிய வரணும். ரெண்டுல எது இல்லைன்னாலும் வேண்டாம், சரிவுல உருண்டு விழுறப்ப உறையை விட்டு வெளிய வர்ற கத்தி உங்க தொடையிலதான் இறங்கும்.

மாட்டுற இடத்தையும் யோசிங்க. வலது இடுப்புல நேரா தொங்க விட்டா ஜீப்ல உக்காரும்போது பிடி விலாவுல குத்தும், எல்லாரும் அப்பத்தான் கழட்டி டேஷ்போர்டுல வெச்சிட்டு அங்கேயே மறந்துட்டு இறங்குறாங்க. இடது பக்கம் முன்னால பெல்ட்டோட படுக்க வாட்டத்துல மாட்டினா வலது கையால எடுக்கலாம், உக்காரலாம், குனியலாம், பை வாரும் தட்டாது. அதுக்கு ஏத்த கிளிப் இருக்கான்னு பாருங்க. கழுத்துல கயிறு போட்டுத் தொங்க விடுற மாடல் இப்ப நிறைய வருது, உண்ணிப் புதர்ல நுழையுறவங்க அதைத் தொடவே கூடாது, கயிறு கிளையில மாட்டி நீங்க சறுக்கினீங்கன்னா கழுத்து இறுகிடும்.

பிடி விஷயத்துல உங்க கை சின்னதுங்கிறதை குறையா நினைக்காதீங்க. ஆள்காட்டி விரல்ல இருந்து சுண்டு விரல் வரைக்கும் நாலு விரலும் சேந்து எத்தனை சென்டிமீட்டர்னு ஸ்கேல் வெச்சு அளந்துக்கங்க, அதுக்கு மேல ஒண்ணு, ஒண்ணரை சென்டிமீட்டர் இருந்தா போதும். நீளத்தை விட பருமன்தான் பெருசா உணர வைக்கும். பிடிச்சா விரல் நுனி உள்ளங்கை மேட்டைத் தொடுற மாதிரி இருக்கணும், தொடாம நின்னா கொஞ்ச நேரத்துலயே மணிக்கட்டு வலிக்கும், நடுவிரல் உள்ளங்கையைத் தாண்டி வந்தா கத்தி கைக்குள்ள சுத்தும். உறையோட சேத்துப் பிடிச்சு, கையை சோப்புத் தண்ணியில நனைச்சுட்டு, முன்னால தள்ளிப் பாருங்க, விரல் அலகுப் பக்கம் வழுக்கினா அது மழையில விரலை வெட்டுற கத்தி. விரலுக்கு முன்னால சின்னதா ஒரு தடுப்பு மேடு இருக்கிறது அவசியம். மரப்பிடி பாக்க அழகு, எனக்கும் பிடிக்கும், ஆனா ஊறி ஊறிக் காஞ்சா ரிவிட் லூஸ் ஆகும், இந்த வேலைக்கு ரப்பர் மாதிரி இருக்கிற பிடியே நல்லது. கலரு ஆரஞ்சு எடுங்க. யூனிஃபார்மோட சேர்ற பச்சை அழகாத்தான் இருக்கும், சருகுல விழுந்தா பத்து நிமிசம் தேடுவீங்க, அந்தி நேரமா இருந்தா கிடைக்கவே கிடைக்காது.

அலகு மூணுல இருந்து நாலு இஞ்ச் போதும், கனம் 2.5ல இருந்து 3 மில்லிமீட்டர். நீங்க சொன்ன வேலை எதுக்கும் அதுக்கு மேல தேவையில்ல. 5 மில்லி கனத்துல வர்றது கையில பிடிச்சா கெத்தா இருக்கும், கேம்ப்ல கேரட் நறுக்கிப் பாருங்க, நறுக்காது, பொளக்கும். பெரிய கிளை வெட்டணும்னா அதுக்குக் கொடுவாள் இருக்கு, கேம்ப்ல கட்டாயம் ஒண்ணு கிடக்கும், அந்த வேலையை இதுகிட்ட கேக்காதீங்க. ஒரு பக்கம் மட்டும் வாய், முதுகு மொட்டையா இருக்கணும், ஏன்னா குச்சியைச் சீவுறப்ப கட்டை விரலை முதுகுல வெச்சு அழுத்துவீங்க. பாதி அலகு ரம்பப் பல்லு வெச்சது நைலான் கயிறை நல்லா அறுக்கும், ஆனா மழுங்கினா காட்டுல தீட்ட முடியாது, நான் எடுக்க மாட்டேன்.

சட்டத்தையும் இங்கயே சொல்லிடறேன். 1959 ஆயுதச் சட்டத்தோட விதிகள்ல 9 இஞ்சுக்கு மேல நீளம், இல்லைன்னா 2 இஞ்சுக்கு மேல அகலம் உள்ள கத்தி ஆயுதக் கணக்குல வரும், வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்குன்னு செஞ்சதுக்கு விலக்கு உண்டு. நம்ம நாலு இஞ்ச் அந்தப் பக்கமே போகாது. ஆனா ரெண்டு பக்கமும் வாய் வெச்ச குத்துவாள் டிசைன் வேண்டாம், அதை அந்தப் பட்டியல்ல தனியாவே பேரு சொல்லி எழுதியிருக்கு. இன்னொண்ணு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 'ஆயுதம்'ங்கிற விளக்கத்துல கத்தியும் இருக்கு, சரணாலயத்துக்குள்ள அதோட நுழைய எழுத்துல அனுமதி வேணும்னு 31வது பிரிவு சொல்லுது. நீங்க டியூட்டியில போறீங்க, இருந்தாலும் இது சொந்தக் கத்தி, அதனால உங்க சரகர்கிட்ட சொல்லி எழுத்துல ஒரு குறிப்பு வாங்கி வெச்சிக்கங்க. லீவுல ஊருக்கு பஸ்ல போறப்ப இடுப்புல வேண்டாம், பைக்குள்ள அடியில போட்டுக்கங்க.

இப்ப ஸ்டீல். ஸ்டெயின்லெஸ்ல 12சி27, 14சி28என் ரெண்டும் ஸ்வீடன் ஸ்டீலு, நம்ம ஈரத்துக்கு நல்லா தாங்கும், கேம்ப்ல சாதாரணக் கல்லுலயே வாய் ஏறும். உங்க பட்ஜெட்டுக்கு மோரா கம்பெனியோட கம்பானியன் ஸ்டெயின்லெஸ் மாடல் சரியா வரும், 2.5 மில்லி கனம், அலகு பத்து சென்டிமீட்டர் சொச்சம், வடியுற ஓட்டை உள்ள பிளாஸ்டிக் உறை. அதோட இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் ஓடாது, அதனால கட்டையால முதுகுல அடிச்சு விறகு பொளக்கிறதுக்கு அது இல்ல, அறுக்கிறதுக்கும் சீவுறதுக்கும் குறையே சொல்ல முடியாது. டி2ன்னு எழுதி மலிவா நிறைய விக்குது, அது முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது, மழுங்கினா தீட்டுறதுக்கு உயிர் போகும். வெறும் 'ஸ்டெயின்லெஸ்'னு மட்டும் போட்டு எந்த ஸ்டீல்னு சொல்லாததை எடுக்காதீங்க.

உள்ளூர்ல அடிச்சு வாங்கலாமான்னும் நிறைய பேர் கேப்பாங்க. தாராளமா வாங்கலாம். இந்த மலையில இரும்பு வேலைக்குப் பேர் போனவங்க கோத்தர்கள், தோடருக்கும் படுகருக்கும் கோடாலியும் அரிவாளும் அவங்க உலையில இருந்துதான் போச்சு. லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சு, தோய்ச்சல் (பழுக்கக் காய்ச்சி முக்கிப் பதம் ஏத்துறது) சரியா குடுத்த கத்தி லேசுல ஒடியாது. துருப் பிடிக்கும், அதுக்கு தினமும் கவனம் வேணும், அவ்வளவுதான். ஆனா வாங்கினப்புறம் அதை ரோட்டோர மிஷின் சாணையில குடுத்துடாதீங்க. போன மாசம் ஒரு பையன் அருமையான கத்தி ஒண்ணைக் கொண்டு வந்தான், முனையில அரை இஞ்சுக்கு மயில் கழுத்து மாதிரி நீலம். தண்ணியில்லாம ஓடுற கல்லுல வெச்சு அழுத்தி, சூடு 300 டிகிரி கிட்ட ஏறினா இரும்பு அப்படி நீலமாகும், அந்த இடத்துல பதம் போச்சு, எத்தனை தீட்டினாலும் நாலு கயிறு அறுத்ததும் மடங்கும். அந்த அரை இஞ்சைத் தேச்சு எடுத்துட்டுத்தான் குடுக்க முடிஞ்சது.

சுருக்குக் கம்பிக்கு வர்றேன், இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும். கத்தியால அதை அறுக்காதீங்க. காட்டுப்பன்னிக்குன்னு எஸ்டேட் ஓரத்துல கட்டுறது பெரும்பாலும் பைக் கிளட்ச் கேபிள், அதுல இருக்கிற ஒவ்வொரு இழையும் கத்தி வாய்க்குக் கிட்டத்தட்ட ஈடான கெட்டி, ஒரு தடவை அழுத்தினாலே வாயில பல்லு விழுந்திடும். வளைச்சுக் கட்டின கிளையில இழுவையோட நிக்கிற கம்பின்னா அறுந்ததும் மூஞ்சியில அடிக்கும். அதுக்குக் கையடக்கமா ஒரு கட்டிங் பிளேயர் பையில எப்பவும் இருக்கட்டும், கேபிள் அறுக்கிற மாடலா கேட்டு வாங்குங்க. முடிச்சு ஒரு தடயம், அதனால முதல்ல போட்டோ எடுங்க, முடிச்சு கெடாம தள்ளி நறுக்குங்க. கம்பியில மிருகம் மாட்டியிருந்தா கிட்ட போகாம டாக்டர் டீமைக் கூப்பிடுறது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

வீட்டுக்கு வந்ததும் ரெண்டு நிமிச வேலை இருக்கு. கத்தியை உறையில இருந்து உருவி, கழுவி, துணியால துடைச்சு, ராத்திரி தனியா வைங்க. உறைக்குள்ள தண்ணி ஊத்தி ஆட்டி மண்ணை வெளியேத்தி கவுத்து வைங்க, உள்ள இருக்கிற ரெண்டு மணல்துகள் போதும், எடுக்க எடுக்க அலகைக் கீறும். உண்ணிச்செடி பிசுக்கும் மரப் பாலும் ஒட்டியிருந்தா நம்ம நீலகிரித் தைலம் ரெண்டு சொட்டு துணியில விட்டுத் தேய்ங்க, கையோட வந்துடும், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்க. தேங்காயெண்ணெய் தடவாதீங்க, நம்ம குளிர்ல அது கட்டியா உறைஞ்சு நிக்கும், நாளாக நாளாக சிக்குப் பிடிச்சு நாறும். தையல் மிஷின் ஆயில் ஒரு சொட்டு போதும், காய் நறுக்குறதால மெடிக்கல்ல லிக்விட் பாரஃபின் வாங்கிக்கிட்டா இன்னும் நல்லது. பட்டறைக் கத்தி எடுத்தீங்கன்னா ஒரு வேலை பண்ணுங்க, டீத்தூளைக் கெட்டியா கொதிக்க வெச்சு அந்த டிக்காஷன்ல கொஞ்சம் வினிகர் விட்டு, அலகை மட்டும் ஒரு மணி நேரம் ஊற விடுங்க. கருநீலமா ஒரு படலம் ஏறும், தேயிலைத் துவர்ப்பு இரும்போட சேர்றதால வர்ற கருப்பு அது, கவாத்துக் கத்தியில நீங்க பாக்குற அதே நிறம். செகப்புத் துரு ஏறுறது அதுக்கப்புறம் குறையும்.

வாய் மழுங்கினா கேம்ப்ல கல்லு இல்லைன்னு கவலை வேண்டாம். பீங்கான் டீ கப்பைக் கவுத்தீங்கன்னா அடியில வட்டமா ஒரு விளிம்பு பளபளப்பு இல்லாம சொரசொரன்னு இருக்கும். அதுல கத்தியை 20 டிகிரி சாய்ச்சு, அதாவது முதுகுக்கும் கப்புக்கும் நடுவுல உங்க சுண்டு விரல் நுனி நுழையுற அளவு தூக்கி, அடியில இருந்து முனை வரைக்கும் ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்து, அழுத்தம் குடுக்காம இழுங்க. பழைய பேப்பர் ஓரத்தைக் கிழிக்காம வெட்டுச்சுன்னா போதும்.

3000 ரூபாயையும் கத்தியிலயே போட்டுடாதீங்க. 600, 700 எடுத்து வெச்சு முதல்ல பிளேயரும், ஒரு பக்கம் சொரசொரப்பு மறுபக்கம் நைஸா இருக்கிற சின்னக் கல்லும் வாங்கிடுங்க, மீதிக்கு வர்ற கத்தியே உங்க வேலைக்கு நிறைய. வாங்கினப்புறம் மழையில ரெண்டு வாரம் போட்டு நடந்துட்டு, அலகுல உறையோட வாய் உரசுற இடத்துலயும் அலகு பிடிக்குள்ள நுழையுற அந்த மூலையிலயும் விரலை விட்டுத் தடவிப் பாருங்க. துரு முதல்ல அங்கதான் வரும்.